பத்து விரல் பேச்சு

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

எதற்கும் தீர்ப்புச் சொல்கிறேன் என்று நீ பட்டம் வைத்த ஜட்ஜ் அக்கா எழுதுவது. நீயும் உன் பெண்டாட்டி வாயாடியும் சுகம்தானே? இங்கே உன் மாமாவுக்குச் சளி விட்டுவிட்டது, இருமல் மட்டும் போக மாட்டேன் என்கிறது. எனக்கு முட்டி.

தபால் பிரிக்கும் மேசை முன்னால் இருபத்து நான்கு வருஷம் நின்றதற்குக் கிடைத்த பரிசு இது. போன வாரம் டாக்டரம்மாவிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு மூட்டுத் தேய்மானம் என்றார். பயப்பட ஒன்றுமில்லையாம். தொடைச் சதை வலுவாகப் பயிற்சி செய்ய வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும், வலிக்கிற அன்று களிம்பு தடவ வேண்டும். எடை என்றதும் உன் மாமா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காக இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

போன கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய், காலையில் விரல்கள் மடங்க அடம்பிடிக்கின்றன என்று. உனக்கும் இதேதான். நம் குடும்பத்து எலும்பு அப்படி. முப்பத்தெட்டு வயசிலேயா என்று கவலைப்படாதே, உளி பிடிக்கிற கைக்குச் சீக்கிரமே வரும். டாக்டர் வீட்டு வாசலில் போய் நிற்காதே. என் களிம்பில் ஒரு குழாய் தனியாக அனுப்பியிருக்கிறேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

இன்னொன்று. உறைமேல் முகவரியைப் பட்டறைத் தச்சுப் பென்சிலால் எழுதாதே. எங்கள் பிரிவில் உன் உறையைத் தூக்கிப் பிடித்து ஆளாளுக்கு என்னைக் கேலி செய்கிறார்கள். பேனாவுக்கு என்ன கேடு?

உங்கள் இரண்டு பேருக்கும் காது கேட்டிருந்தால் இதையெல்லாம் போனில் பத்து நிமிஷத்தில் பேசி முடித்திருப்பேன். போகட்டும். கடிதத்தில் நான் பேசும்போது நீ குறுக்கே கையை நீட்ட முடியாது, அது ஒரு வசதி. வாயாடியைக் கேட்டதாகச் சொல். அவள் கை சற்று ஓய்ந்தால்தான் நீ பதில் எழுத முடியும் என்பதையும் சொல்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நீயும் மாமாவும் நலமா? முட்டியைப் பார்த்துக்கொள்.

களிம்பு வந்தது. தடவுகிறேன். நல்ல வாசனை.

பட்டறையில் ஜன்னல் சட்டம் செய்யும் பக்கத்திலிருந்து பாலிஷ் பக்கம் வந்துவிட்டேன். நான்தான் கேட்டு வாங்கினேன். ஒரு மாறுதலுக்கு.

காலையில் கை இளகக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. அப்புறம் சரியாகிவிடும்.

வாயாடி சுகம். நேற்று எதிர் மாடிக்காரியின் புதுத் திரைச்சீலையைப் பற்றிச் சாப்பாடு ஆறும்வரை பேசினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனா தீர்ந்துவிட்டது. அதனால்தான் பென்சில்.

தம்பி


மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

சுகமா? உன் கடிதத்தைப் படிக்க நான் கண்ணாடி எடுத்துப் போடுவதற்குள் கடிதம் முடிந்துவிட்டது. தந்திக்குக்கூட இதைவிட நீளம் இருக்கும்.

பாலிஷ் பக்கம் ஏன் போனாய்? அந்த நெடி பட்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவன் நீ. மேஸ்திரியோடு ஏதாவது தகராறா? மென்று முழுங்காமல் எழுது.

என் முட்டி தேவலை. தினமும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குகிறேன். காலையில் எழுந்ததும் முரண்டு பிடிக்கும், பத்து நிமிஷம் நடந்தால் வழிக்கு வந்துவிடும். சாயங்காலம் நின்று நின்று வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். உனக்கும் அப்படித்தானே?

இத்துடன் ஒரு பேனா வைத்திருக்கிறேன். மெல்லிசாக, அழகாக இருக்கிறது என்று வாங்கினேன். இனிமேல் சாக்குச் சொல்ல முடியாது.

வாயாடிக்கு என் அன்பு. உன் மாமா உங்கள் இருவரையும் விசாரித்தார்.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? அண்ணன் இருமல் நின்றதா?

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். பதில் எழுதினால் நான் லென்ஸ் அரைக்கிற கண்ணாடிக் கடை முகவரிக்கு எழுதுங்கள்.

அண்ணி, அவர் என்மேல் கோபமாக இருக்கிறார். என்ன தப்பு செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கேட்டால் சொல்வார் என்றுதான் எழுதுகிறேன்.

அவர் என்னோடு பேசுவது குறைந்துபோய்விட்டது. கேட்டால் ஒற்றைக் கையில் பதில் சொல்கிறார், அதுவும் மடிக்குப் பக்கத்தில், சின்னதாக. சரி, இல்லை, அப்புறம். இந்த மூன்றுதான். உங்களுக்குத் தெரியும், எங்கள் பேச்சில் கையைச் சின்னதாக்கினால் அது முணுமுணுப்பு. முகம் கொடுக்காமல் முணுமுணுத்தால் கோபம். எட்டு வருஷத்தில் அவர் என்னிடம் முணுமுணுத்ததே இல்லை.

என் பெயருக்கு அவர் வைத்த சைகை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு கையையும் எதிரெதிரே வைத்துப் பத்து விரலையும் படபடவென்று அடிப்பார். உலகத்திலேயே நீதான் பெரிய வாயாடி, ஐந்து விரல் போதாது என்பார். அந்தப் பெயரைச் சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. இப்போதெல்லாம் தரையில் காலைத் தட்டிக் கூப்பிடுகிறார். யாரையோ கூப்பிடுகிற மாதிரி.

காலையில் நான் எழுவதற்கு முன்பே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல். வெளியே வரும்போது கை இரண்டும் சிவந்திருக்கும். என்ன என்று கேட்டால் பாலிஷ் என்கிறார். தெருவில் நடக்கும்போது கையைப் பிடித்தேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

என்னைக் கட்டிக்கொண்டது தப்பு என்று இப்போது தோன்றுகிறதோ என்னவோ. அப்படியென்றால் அதையாவது சொல்லட்டும். பேசாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் அன்புள்ள
வாயாடி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

சுகமாகத்தான் இருப்பாய். எனக்கு யாரும் எதுவும் எழுதவில்லை, ஆனால் ஜட்ஜுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது.

வீட்டில் உம்மென்று இருக்கிறாயாமே. எனக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான், யார் சொன்னது என்று கேட்காதே. சின்ன வயசிலேயே உனக்கு இந்தக் குணம் உண்டு. கோபம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாய். அப்போது நான் உன் முன்னால் வந்து உட்கார்ந்து, நீ சிரிக்கும்வரை கோணங்கித்தனம் செய்வேன். இப்போது அதற்கு என் முட்டி இடம் கொடுக்காது.

அந்தப் பெண் உன்னைத் தவிர வேறு யாரோடு பேசுவாள்? கடையில் இருக்கிறவர்கள் அவளிடம் சீட்டில் எழுதிக் காட்டுவார்கள், லென்ஸ் எண் மட்டும். நாள் முழுக்கச் சேர்த்து வைத்ததை எல்லாம் சாயங்காலம் உன்னிடம்தானே கொட்ட முடியும்? முகம் கொடுத்துப் பேசு. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. இதற்கெல்லாமா ஒரு மனுஷனுக்குச் சொல்லித்தர வேண்டும்?

பதில் வராவிட்டால் நானே புறப்பட்டு வருவேன்.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

நலமா? இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன். நீ அனுப்பிய பேனா மெல்லியது, என்னால் பிடிக்க முடியவில்லை. தச்சுப் பென்சில் தடிமனாக இருக்கிறது, அழுத்தாமலே எழுதும். பேனா தீர்ந்துவிட்டது என்று எழுதியது பொய்.

எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. அவள்மேல் எனக்கு எதற்குக் கோபம்?

உனக்குப் பத்து நிமிஷத்தில் முட்டி வழிக்கு வந்துவிடும் என்று எழுதியிருந்தாய். என் கைக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. விரல் கணு எல்லாம் வீங்கிச் சூடாக இருக்கிறது. இடது கையில் எங்கே வலிக்கிறதோ வலது கையிலும் அங்கேயே. ஓய்வெடுத்தால் குறையும் என்று ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்து பார்த்தேன், அன்றைக்குத்தான் அதிகம். வெந்நீர் வாளியில் கையை வைத்தால் கொஞ்சம் இளகும். அதற்குத்தான் கதவைச் சாத்திக்கொள்கிறேன். இப்போது பாதத்தின் முன்பக்கமும் ஆரம்பித்திருக்கிறது. ஒன்றும் செய்யாமலே அசதி. களிம்பு வேலை செய்யவில்லை. இரண்டு மாதமாகக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தின்கிறேன், வயிறு எரிகிறது. உளியை இறுக்கிப் பிடிக்க முடியாததால்தான் பாலிஷ் கேட்டேன்.

ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் இது எவ்வளவு வலிக்கும் என்று யோசிக்கிறேன். ரொம்ப வலிக்கிற சொற்களை விட்டுவிடுகிறேன். அவள் பெயரை விட்டது அப்படித்தான். உனக்குத் தொண்டை கட்டினால் எழுதிக் காட்டலாம். எனக்கு எழுதுவதற்கும் இதே கைதான்.

அவளிடம் சொல்லாதே. கல்யாணத்துக்கு முன்னால், நான்கு பேர் கேட்டு வந்தார்களே, என்னை மட்டும் ஏன் பிடித்தது என்று கேட்டேன். "உங்க கை அழகாப் பேசுது"ன்னு சொன்னாள். அந்தக் கைதான் போய்க்கொண்டிருக்கிறது. அதை அவளிடம் எந்தக் கையால் சொல்வது?

பயமாக இருக்கிறது அக்கா.

தம்பி


மே 3

என் தம்பிக்கு,

உன் கடிதம் காலையில் என் மேசைக்கே வந்தது. அங்கேயே பிரித்தேன். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கடிதத்தோடு டாக்டரம்மாவிடம் போனேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். "இவருக்குத் தேய்மானம்னு எந்த டாக்டர் சொன்னாரு?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன் என்றேன். என்னை ஏறிட்டுப் பார்த்தார், திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இது என் முட்டி வலி இல்லையாம். நோயோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி குழம்பிப்போய்ச் சொந்த மூட்டுகளையே தாக்குகிறது. முடக்குவாதம் என்று பெயர் சொன்னார். பெயரைக் கேட்டு நடுங்காதே, முன்பு போல இல்லை, நல்ல மருந்து இருக்கிறது என்றார். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, இரண்டு கையிலும் ஒரே இடத்தில் வீக்கம், சூடு, அசதி, சும்மா இருந்தால் கூடுகிற வலி, எல்லாம் அதற்கான அடையாளம். ரத்தம் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். வலி மாத்திரை வலியை மறைக்கும், மூட்டு அரிபடுவதை நிறுத்தாது. நிறுத்துகிற மருந்து வேறு. அதை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு விரல் மிஞ்சும்.

சீக்கிரம் என்று அவர் சொன்னதும் பிப்ரவரியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். டாக்டர் வீட்டு வாசலில் நிற்காதே என்று எழுதியவள் நான். உன் வாய்க்குப் பக்கத்தில் வந்த சொல்லை நான்தான் தடுத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பெரிய மருத்துவமனையில் மூட்டு நோய்க்கென்று தனி டாக்டர் இருப்பார். இந்த வாரமே போ. கூடவே டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறது, அதை நீட்டு, உன்னை முதலில் பார்ப்பார்கள். உன் மனைவியிடம் நான் சொல்ல மாட்டேன். நீ சொல்.

அக்கா


மே 3

அம்மாடி,

சுகமா? உனக்குத் தாமதமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. முதலில் தீர விசாரிக்காமல் உன் புருஷனைத் திட்டித் தொலைத்துவிட்டேன். ஜட்ஜ் வேலையை இத்தோடு ராஜினாமா செய்யலாம் என்றிருக்கிறேன்.

அவனுக்கு உன்மேல் கோபம் இல்லை. துளியும் இல்லை. இதற்கு மேல் சொல்லக் கூடாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீ எழுதியதையும் அவனிடம் சொல்லவில்லை. உங்கள் இரண்டு பேர் ரகசியத்தையும் மடியில் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒன்று மட்டும் செய். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை அவன் குளியலறைக்குள் போனதும் கதவைத் திற. தட்டிக்கொண்டு நிற்காதே, தட்டினாலும் அவனுக்குக் கேட்கப்போவதில்லை.

அண்ணி


மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் சுகம்தானே? கதவைத் திறந்தேன்.

முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வாளியில் முழங்கைவரை வெந்நீர். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், கையை ஊன்ற முடியவில்லை. அந்தக் கையை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். இரண்டு மாதமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, முகத்தையே பார்த்துக் கோபமா கோபமா என்று தேடியிருக்கிறேன். கையைப் பார்க்கவில்லை.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது, அண்ணி. "எங்கிட்டச் சொல்லத் தோணலையா உங்களுக்கு?" என்று கேட்டேன். அவர் தண்ணீருக்குள்ளேயே, மெதுவாக, "உனக்குப் பேச்சுத்துணை வேணுமே, நான் என்ன செய்வேன்"னார். நானும் கீழே உட்கார்ந்து என் கையைத் தண்ணீருக்குள் விட்டேன். தண்ணீர் ஆறும்வரை அப்படியே பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு பேருமே அழுதோம். இரண்டு பேருமே வேலைக்குத் தாமதம். (எங்கள் கைப்பேச்சில் நீ, நீங்க எல்லாம் கிடையாது. உங்களுக்கு எழுதும்போது மரியாதைக்காகப் போட்டுக்கொள்கிறேன்.)

மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள், கையைப் படம் எடுத்தார்கள். உங்கள் டாக்டரம்மா சொன்னதே சரி. வாரத்தில் ஒரே ஒரு நாள் போடுகிற மாத்திரை. தவறிப்போய்த் தினமும் போட்டால் ஆபத்து என்று சீட்டில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார்கள். புதன்கிழமை என்று முடிவு செய்து மாத்திரை டப்பாவை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வயிற்றுப் புரட்டலுக்கு இன்னொரு மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. வாரமாத்திரை வேலை காட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை வீக்கம் அடங்கக் கொஞ்ச நாளைக்கு வேறு மாத்திரை. அதைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்திவிடுவார்களாம்.

அந்த டாக்டர் நல்லவர்தான், ஆனால் பேசும்போதெல்லாம் கணினியைப் பார்த்தே பேசினார். உதடாவது தெரிந்தால்தானே? மேசையைத் தட்டி, எழுதுங்கள் என்று சீட்டை நீட்டினேன். படுக்கும்போது இரண்டு கைக்கும் பட்டை கட்ட வேண்டும், விரல் கோணாமல் இருக்க என்று எழுதினார். நான் கீழே எழுதினேன்: "உங்க வாயைக் கட்டிக்கிட்டுத் தூங்கச் சொன்னா தூங்குவீங்களா?" அவர் அதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். அதற்கப்புறம்தான் எங்களைப் பார்த்தார். ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது என்று மாற்றிக் கட்டலாம் என்று முடிவானது.

வலது கையில் கடைசி இரண்டு விரல் முழுக்க நிமிராமல் போகலாம் என்றும் எழுதினார். அந்தச் சீட்டை உங்கள் தம்பி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், என்னிடம் தரவில்லை.

என் பெயரைச் சுலபமாக மாற்றிவிடுங்கள், ஒரு விரல் போதும் என்று சொன்னேன். முடியாது என்று தலையாட்டிவிட்டார்.

வாயாடி


ஜூன் 22

அன்புள்ள அக்கா,

நலமா? முட்டி எப்படி? மாமா சுகமா?

முதல் மூன்று வாரம் நன்றாக இருந்தது. குணமாகிவிட்டேன் என்றே நினைத்தேன். வீக்கம் அடங்கக் கொடுத்த மாத்திரையைக் குறைத்ததும் பழையபடி ஆகிவிட்டது. புதன்கிழமை மாத்திரை போட்டால் வியாழக்கிழமை முழுக்கக் குமட்டல். ஆறு வாரமாகத் தின்கிறேன், என்ன கண்டேன்? நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறேன். வாயாடியிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது.

உன் கடிதத்தில், நான்தான் தடுத்தேன் என்று எழுதியிருந்தாய். பரவாயில்லை என்று பதில் எழுதத்தான் பென்சிலை எடுத்தேன். ஆனால் பரவாயில்லை என்று என்னால் எழுத முடியவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது, அக்கா. உன்மேலும், என்மேலும். வீங்கின கையை நான்தானே தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்? நீ சொன்னாய் என்று சும்மா இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. டாக்டரிடம் போனால் என்ன சொல்வாரோ என்று பயம்.

நல்ல சேதி ஒன்றும் இருக்கிறது. அவள் பெயரை எட்டு விரலால் சொல்கிறேன். மீதி இரண்டும் மழலை பேசுகின்றன. அவள் திரும்பிப் பார்க்கிறாள், அது போதும்.

தம்பி


ஜூன் 29

என் தம்பிக்கு,

கோபம் இருக்கிறது என்று எழுதினாயே, அந்த வரியைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. பூசி மெழுகி எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இருக்கட்டும், கோபத்தை வைத்துக்கொள். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள். நான் எங்கேயும் போகவில்லை.

மாத்திரையை நிறுத்தாதே. இதில் மட்டும் நான் சொல்வதைக் கேள் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் என் பேச்சைக் கேட்டு நீ பட்டது போதும். அதனால் நான் சொல்லவில்லை. உன் கடிதத்தோடு மறுபடி டாக்டரம்மாவிடம் போனேன். ஆறு வாரத்தில் தீர்ப்பெழுதக் கூடாது, பன்னிரண்டு வாரமாவது பார்க்க வேண்டும் என்கிறார். குமட்டலுக்கு வழி இருக்கிறது, உங்கள் டாக்டரிடம் கேட்டால் வேளையை மாற்றுவார், அளவை மாற்றுவார், அதற்கும் கேட்காவிட்டால் மருந்தையே மாற்றுவார். சொன்னால்தான் மாற்றுவார். இது உனக்கும் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்: சொல்லு. அவளிடம் முதலில் சொல்லு.

பதினைந்து நாள் விடுப்புப் போட்டுவிட்டேன். ஜூலை இரண்டாம் வாரம் வருகிறேன். உன் உளி, திருப்புளி எல்லாவற்றையும் எடுத்து வை, கைப்பிடியில் ரப்பர் சுற்றித் தடிமனாக்கித் தருகிறேன். தடித்த பிடி என்றால் விரலை அவ்வளவு இறுக்க வேண்டாமாம். மூடியை உள்ளங்கையால் திற, பையை முழங்கையில் மாட்டு, ஒரே வேலையை வெகு நேரம் செய்யாதே, வலி அடங்கிய வேளையில் விரலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய். பார், மறுபடி தீர்ப்பு எழுத ஆரம்பித்துவிட்டேன். உன் மாமா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்.

எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. வேறொன்றுமில்லை.

அக்கா


செப்டம்பர் 7

அன்புள்ள அண்ணிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்து முட்டி வலி அதிகமானதாக எழுதியிருந்தீர்கள். எங்கள் மூன்று மாடி ஏறி இறங்கினதுதான் காரணம். படிக்கட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அண்ணனுக்கு என் வணக்கம்.

போன மாத ரத்தப் பரிசோதனையில் வீக்கத்தைக் காட்டும் எண் பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. ஈரலுக்கு ஒன்றும் இல்லை. குமட்டலைப் பற்றி டாக்டரிடம் சொன்னபோது வேளையை மாற்றிக் கொடுத்தார் அல்லவா, இப்போது வியாழக்கிழமையும் சாப்பிடுகிறார். காலை விறைப்பு இருபது நிமிஷத்தில் விடுகிறது. அந்த இரண்டு விரல் நிமிரவில்லை, இனி நிமிராது என்றும் சொல்லிவிட்டார்கள். பட்டறையில் பாதி நாள் ஜன்னல் சட்டம், பாதி நாள் பாலிஷ். குளியலறைக் கதவைச் சாத்துவதில்லை.

இதையெல்லாம் அவரே எழுதியிருப்பார். நான் எழுத வந்தது வேறு.

நேற்று எங்களுக்குள் பெரிய சண்டை.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தோம். நான் எப்போதும்போல அவர் தட்டை இழுத்து ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டினேன். மே மாதத்திலிருந்து நான்தானே வெட்டித் தருகிறேன்? தட்டை என் கையிலிருந்து பிடுங்கினார். "நான் கேட்டேனா?" என்றார். நல்லதுக்குத்தானே செய்தேன் என்றேன். சண்டை பற்றிக்கொண்டது. நான் என்ன குழந்தையா, சட்டைப் பொத்தானைப் போட வருகிறாய், டம்ளரை நீட்டினால் பாதி வழியில் வந்து வாங்குகிறாய், பட்டறைக்கு வந்து எனக்கு லேசான வேலை தரச் சொல்லி மேஸ்திரியிடம் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாய், என்னை ஒரு வார்த்தை கேட்டாயா என்று ஆரம்பித்தார். நானும் விடவில்லை. இரண்டு மாதம் என்னிடம் மறைத்தவர் எதைக் கேட்கச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் அதற்கு ஒன்று, நான் அதற்கு ஒன்று. டம்ளர் கவிழ்ந்து தண்ணீர் மேசையெல்லாம் ஓடியது. நடுவில் அறை இருட்டிவிட்டது, ஒருவர் கை ஒருவருக்குத் தெரியவில்லை. விடுவிடுவென்று போய் விளக்கைப் போட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் அந்நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் நிம்மதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

பதில் சொல்ல வேண்டியது என் முறை. அப்போதுதான் கவனித்தேன். அவர் இரண்டு கையாலும் பேசிக்கொண்டிருந்தார். மடிக்குப் பக்கத்தில் இல்லை, நெஞ்சுக்கு மேலே, தோள் அகலத்துக்கு, முழங்கை பறக்க. ஒரு சொல்லையும் விடவில்லை, அண்ணி. வலிக்குமா என்று யோசிக்கவே இல்லை. அந்த இரண்டு விரலும் கோணலாகக் கூடவே ஓடின.

எனக்குக் கை எழவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குக் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"ஏன் பேசாம நிக்கற, பதில் சொல்லு"ன்னு கத்தினார்.

"இன்னும் கொஞ்சம் திட்டுங்க"ன்னேன்.

வாயாடி